ஆச்சி கையில் இருந்த பச்சையை யார் அழிக்கச் சொன்னது?

ஆல்பம் கைக்கு வந்து நாலு நாளாகிறது. இன்னும் வயிறு எரிகிறது. எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

மே மாதம் அண்ணன் குடும்பம் மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்திருந்தது. கோயம்புத்தூரிலிருந்து தங்கச்சியும் வந்துவிட்டாள். சின்னது பெரிசு எல்லாம் சேர்த்து 17 பேர். ஆச்சிக்கு 86 வயது. இப்படி எல்லோரும் மறுபடி எப்போது ஒன்றாகச் சேர்வோம் என்று யாருக்குத் தெரியும்? செல்போனே போதும் என்ற சித்தப்பாவைச் சமாதானப்படுத்தி, திருநெல்வேலியிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரரை வீட்டுக்கே வரவழைத்தோம். 18,000 ரூபாய் பேச்சு, அட்வான்ஸ் 10,000. ஆல்பம், சுவரில் மாட்ட ஒரு பெரிய படம், எல்லாப் படமும் பென்டிரைவில். "இருபது நாள்ல கையில தந்துருவேன் அண்ணாச்சி" என்றார்.

எடுத்த அன்றைக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆச்சியை நடுவில் உட்காரவைத்து, பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, இரண்டு மணி நேரம் பொறுமையாக எடுத்தார். எல்லாக் கூத்தும் அதற்கு அப்புறம்தான்.

இருபதாவது நாள் கேட்டால் எடிட்டர் ஊருக்குப் போயிருக்கிறார். அடுத்த வாரம் கேட்டால் முகூர்த்த நேரம், கல்யாண ஆல்பங்களை முதலில் முடிக்க வேண்டும். அதற்கடுத்த வாரம் லேப்பில் இருக்கிறது. அப்புறம் போனையே எடுக்கவில்லை. கல்யாண ஆர்டர்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறது, அது எனக்குப் புரியாமல் இல்லை. அப்படியென்றால் இரண்டு மாதம் ஆகும் என்று முதல் நாளே சொல்லியிருக்கலாமே! அட்வான்ஸ் வாங்கும்போது ஒரு நாக்கு, வாங்கிய பிறகு ஒரு நாக்கா?

ஆடி பிறந்து பத்து நாளில் ஆச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மாலை போட ஒரு படம் வேண்டும். அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு அவரைப் பிடித்தேன். ஆல்பம் வேண்டாம், எடிட் வேண்டாம், ஆச்சி தனியாக இருக்கிற ஒரே ஒரு படத்தை இருக்கிறபடியே அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். "எடிட் பண்ணாம வெளிய கொடுத்தா கடைப் பேரு கெட்டுரும் அண்ணாச்சி" என்றார். சாவு வீட்டில் நின்றுகொண்டு கேட்கிறவனிடம் பேசுகிற பேச்சா இது? பாக்கி 8,000 ரூபாயை அங்கேயே நின்று ஜிபேயில் போட்டேன். விடிந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. செலக்ஷனுக்காகச் சின்னதாக்கி வைத்திருந்த படம். ஆச்சியின் நெஞ்சுக்குக் குறுக்கே கடையின் பெயர். பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கும் நல்ல படம் வந்தபாடில்லை.

ஐப்பசியில் ஒருவழியாக ஆல்பம் வந்தது. அம்மாதான் முதலில் பிரித்தாள். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இது யாரு?" என்று கேட்டாள்.

எங்கள் ஆச்சி நல்ல கறுப்பு. வெயிலில் நாற்று நட்ட உடம்பு, வயதான பிறகும் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றிய உடம்பு. ஆல்பத்தில் இருப்பவள் கோதுமை நிறத்தில் இருக்கிறாள். நெற்றியில் ஒரு சுருக்கம் கிடையாது. பாம்படம் போட்டு வளர்த்த காது அவளுக்கு. பாம்படத்தை அத்தை கல்யாணத்துக்கு விற்ற பிறகும் காது தோளைத் தொடுகிற மாதிரி தொங்கும். அதையும் ஓரம் வழித்து வைத்திருக்கிறார்கள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். கையைப் பார்த்துத்தான் நான் உடைந்துபோனேன். ஆச்சியின் வலது முன்கையில் பச்சை குத்தியிருந்தது. ஒரு கோலம், அதற்குக் கீழே சின்ன வயதிலேயே செத்துப்போன அவளுடைய தம்பியின் பெயர். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் தன் உடம்பில் வைத்திருந்த எழுத்து அது ஒன்றுதான். சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் அதன்மேல் விரலை ஓட்டி விளையாடியிருக்கிறோம். ஆல்பத்தில் அந்த இடம் மெழுகு தடவியது மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. குரூப் போட்டோவில் மட்டும், பேத்தியின் விரலுக்கும் ஆச்சியின் வளையலுக்கும் நடுவே கோலத்தின் ஒரு புள்ளி தப்பிக் கிடக்கிறது.

கேட்டதற்கு, "எடிட்டர் கறைன்னு நெனச்சு எடுத்திருப்பாரு. எல்லாரும் வெள்ளையாத்தான் கேக்காங்க" என்றார். நாங்கள் கேட்டோமா? ஒருத்தராவது எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? நடப்பது இதுதான்: ஒரு செட்டிங்கைத் தயார் செய்து வைத்துக்கொண்டு மொத்தப் படத்துக்கும் ஒரே தட்டில் போட்டுவிடுகிறார்கள். அந்த மென்பொருளுக்குப் பருவும் தழும்பும் மச்சமும் பச்சையும் ஒன்றுதான், தோலில் எது இருந்தாலும் துடைத்துவிடும். அதற்குத் தெரியாது, சரி. அதை உட்கார்ந்து பார்க்கிற மனுஷனுக்குமா தெரியாது? திருநெல்வேலிக்காரர் ஒருவர் பாம்படக் காதையும் பச்சைக் கையையும் வாழ்நாளில் பார்த்ததே இல்லையா?

சரி, எடிட் செய்யாத ஒரிஜினலைக் கொடுங்கள், நாங்களே பிரிண்ட் போட்டுக்கொள்கிறோம் என்றேன். அழித்துவிட்டாராம். சிஸ்டத்தில் இடம் இல்லையாம். கேமரா எடுத்தபடியே இருக்கிற ஒரு ரா ஃபைல் 25, 30 எம்பி இருக்கும். எங்கள் வீட்டில் எடுத்தது 400 படம் என்று வைத்தாலும் 12 ஜிபிதான். அதை ஒரு வருஷம் வைத்திருக்க முடியாதா? எங்கள் தாத்தா காலத்து ஸ்டுடியோவில் கவரின் மேல் நெகட்டிவ் நம்பர் எழுதிக் கொடுப்பார்கள். பல வருஷம் கழித்துப் போய் அந்த நம்பரைச் சொன்னாலும் தேடி எடுத்து இன்னொரு காப்பி போட்டுத் தருவார்கள்.

கோர்ட்டில் இருக்கும் எங்கள் அத்தான் ஒரு விஷயம் சொன்னார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவு. வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் அந்தப் போட்டோவின் முதல் உரிமையாளர். ஒரிஜினல் ஃபைலைக் கையில் கொடுத்தாக வேண்டும் என்று அதில் எழுதியில்லை, அதற்குத் தனியாக வாதாட வேண்டும் என்றும் சொன்னார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுத்துவிட்டேன். ஆனால் எந்தத் தீர்ப்பு வந்து அந்தப் பச்சையைத் திரும்பக் குத்தும்?

போட்டோ எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து முதலிலேயே பேசிவிடுங்கள். நிறத்தைத் தொடாதே, முகத்தைத் தொடாதே, எடுத்த அன்றைக்கே எல்லாப் படத்தையும் என் பென்டிரைவில் ஏற்று. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

அன்றைக்குத் தங்கச்சி மகள் பக்கத்தில் நின்றுகொண்டு விளையாட்டாகச் செல்போனில் ஒன்று எடுத்திருக்கிறாள். ஆச்சி பாதிக் கண்ணை மூடியிருக்கிறாள். ஓரத்தில் லைட் ஸ்டாண்டு தெரிகிறது. ஆனால் கை முழுசாகத் தெரிகிறது, பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். அதைத்தான் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, மாலை போட்டிருக்கிறோம்.