அன்று பிரேசில் ஏன் நம் பக்கம் நிற்கவில்லை?

2020 அக்டோபர் 2. கொரோனா தடுப்பூசிகளில் பெரும்பாலானவை அப்போது சோதனையில்தான் இருந்தன. அன்றுதான் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து ஜெனிவாவில் உலக வர்த்தக அமைப்பிடம் ஒரு கோரிக்கை வைத்தன. தொற்று அடங்கும்வரை தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவிகள் ஆகியவற்றின் காப்புரிமையை நிறுத்தி வையுங்கள், தயாரிக்க முடிந்தவர்கள் எல்லாரும் தயாரிக்கட்டும் என்பதுதான் கோரிக்கை. பணக்கார நாடுகள் எதிர்த்தன. அதில் எனக்கு வியப்பில்லை. எதிர்த்தவர்களோடு பிரேசிலும் சேர்ந்து நின்றதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஏன் இவ்வளவு வருத்தம் என்று கேட்கலாம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எச்.ஐ.வி. தொற்று உள்ள எல்லாருக்கும் அரசே இலவசமாக மருந்து தர வேண்டும் என்று 1996-லேயே சட்டம் போட்ட நாடு பிரேசில். அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்கா, விலை குறைந்த மருந்தை வெளியிலிருந்து வாங்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உடனே 39 மருந்து நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து அந்த அரசின் மீது வழக்குப் போட்டன. தொற்று மக்களை வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆகும் கூட்டு மருந்தை எந்த ஏழை நாடு வாங்கும்?

இங்கே இந்தியா வருகிறது. 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2005 வரை நம் நாட்டில் மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் இருந்தது. வேறு வழியில் அதே மருந்தைத் தயாரித்தால் அப்போது குற்றமில்லை. அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த ஓர் இந்திய நிறுவனம் 2001 பிப்ரவரியில் அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாகத் தொண்டு மருத்துவர்களிடம் சொன்னது. இரண்டே மாதத்தில், உலகமெங்கும் எழுந்த கண்டனம் தாங்காமல், அந்த 39 நிறுவனங்களும் வழக்கை வாபஸ் வாங்கின. அதே ஆண்டு நவம்பரில் தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பு, காப்புரிமை விதிகள் மக்களின் உடல்நலத்தைக் காக்கும் அரசின் கையைக் கட்டக் கூடாது என்று அறிவித்தது.

இவற்றை மூன்று நாடுகளின் மூன்று கதைகளாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். எனக்கு இது ஒரே கதை. ஒருவரிடம் சட்டம் இருந்தது, இன்னொருவரிடம் நியாயம் இருந்தது, மூன்றாமவரிடம் தொழிற்சாலை இருந்தது. 2007-இல் பிரேசில் ஒரு எச்.ஐ.வி. மருந்துக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே பயன்படுத்தும் அனுமதி, பிறப்பித்தபோது, அந்த மருந்து முதலில் வந்ததும் இந்தியாவிலிருந்துதான்.

இந்த மூவரும் 2003 ஜூன் 6 அன்று ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். இந்தியாவின் யஷ்வந்த் சின்கா, பிரேசிலின் செல்சோ அமோரிம், தென்னாப்பிரிக்காவின் கொசாசானா தலாமினி-சூமா. மூவருமே வெளியுறவு அமைச்சர்கள். பிரேசிலியா பிரகடனம் கையெழுத்தானது, இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா மூன்றும் சேர்ந்த ‘இப்சா’ கூட்டமைப்பு பிறந்தது. ஆசியாவில் ஒன்று, ஆப்பிரிக்காவில் ஒன்று, தென்னமெரிக்காவில் ஒன்று. எல்லைத் தகராறு கிடையாது, பழைய போர்ப் பகை கிடையாது. மூன்றுமே தேர்தலில் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் நாடுகள். இவ்வளவு பொருத்தமான கூட்டாளிகள் கண்டம் தாண்டி அமைவது அபூர்வம் என்பது என் எண்ணம்.

அவர்கள் வெறுமனே பேசிக்கொண்டிருக்கவில்லை. 2004-இல் ஒரு நிதியம் தொடங்கி, ஆளுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் போடுவது என்று முடிவெடுத்தார்கள். அரசுக் கணக்கில் அது சில்லறைக் காசு. ஆனால் அதைக் கொண்டு ஹைத்தித் தலைநகரில், வன்முறையால் சிதைந்திருந்த ஒரு குடியிருப்பில் குப்பை சேகரிக்கும் திட்டம் ஒன்று நடந்தது. வேலையில்லாமல் இருந்த அந்தப் பகுதி மக்களுக்கே, குறிப்பாகப் பெண்களுக்கு, அதில் வேலை. குப்பைக் காகிதத்திலிருந்து அடுப்பெரிக்கும் கட்டிகள் செய்தார்கள். கினி-பிசாவில் விவசாயப் பயிற்சி கொடுத்தார்கள். தானே இன்னும் வறுமையோடு போராடும் மூன்று நாடுகள் கூடி, தம்மைவிட இல்லாதவனுக்குக் கொடுத்த பணம் இது. அதற்காகவே இப்சாவை மதிக்கிறேன்.

பிறகு என்ன ஆயிற்று? 2006 முதல் 2011 வரை ஐந்து உச்சிமாநாடுகள் நடந்தன. 2010 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவுக்கு பிரிக்ஸ் அழைப்பு வந்தது. இந்தியாவும் பிரேசிலும் ஏற்கெனவே இருந்த, சீனாவும் ரஷ்யாவும் இருக்கும் பெரிய மேசை அது. மூவரும் அங்கே சேர்ந்ததும், சின்ன மேசை எதற்கு என்ற எண்ணம் வந்துவிட்டது. 2013-இல் டெல்லியில் நடக்க வேண்டிய ஆறாவது மாநாடு நடக்கவேயில்லை. அமைச்சர்கள் வேறு கூட்டங்களுக்குப் போகிற இடத்தில் அவ்வப்போது சந்தித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பிரிக்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மேசையில் மருந்துக் காப்புரிமை பத்தோடு பதினொன்று. பெரியவர்களின் கவலைகள் வேறு. மூன்று பேர் மட்டும் உட்காரும் இடத்தில்தான் ஒருவன் தயங்கும்போது மற்ற இருவருக்கும் அது முகத்தைப் பார்த்தே தெரியும்.

‘பிரேசிலில் ஆட்சி மாறியது, கொள்கையும் மாறியது, இப்சா இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்’ என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். பாதி உண்மைதான். அன்றைய பிரேசில் அரசு வாஷிங்டன் பக்கம் சாய்ந்திருந்தது. 2021 மே மாதம் அமெரிக்காவே தடுப்பூசிக் காப்புரிமையைத் தளர்த்த ஆதரவு தெரிவித்த பிறகுதான் பிரேசிலின் எதிர்ப்பும் தணிந்தது. ஆனால் மீதிப் பாதியையும் பாருங்கள். ஆட்சி மாறினாலும் அதிகாரிகள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. மூன்று நாட்டுச் சுகாதாரத் துறையிலும் ஜெனிவாவில் இருக்கும் தூதரகங்களிலும் உள்ளவர்கள் வருடா வருடம் சந்தித்து, ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கத்தில் இருந்திருந்தால், அந்தக் கோரிக்கை எழுதும்போதே பிரேசிலோடு பேசியிருக்க முடியும். கையெழுத்துப் போடாவிட்டாலும், எதிர்க்காமல் ஒதுங்கி இருக்கவாவது செய்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடைசியில் 2022 ஜூனில் ஒரு முடிவு வந்தது. இருபது மாதம் கழித்து. தடுப்பூசிக்கு மட்டும் ஓரளவு தளர்வு, மருந்துக்கும் பரிசோதனைக் கருவிக்கும் எதுவும் இல்லை. அந்த இருபது மாதத்தில் இறந்தவர்களை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

ஜி-20 தலைமை 2023-இல் இந்தியாவுக்கு, 2024-இல் பிரேசிலுக்கு, 2025-இல் தென்னாப்பிரிக்காவுக்கு என வரிசையாக வந்தது. ஆப்பிரிக்க ஒன்றியம் டெல்லியில்தான் ஜி-20 உறுப்பினரானது. ரியோவில் பசிக்கு எதிரான உலகக் கூட்டணி தொடங்கியது. 2025 நவம்பரில் ஜொகனஸ்பர்க்கில் மூன்று தலைவர்களும் இப்சா பெயரில் மீண்டும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன்.

ஆனால் எனக்கு வேண்டியது அந்தப் படம் அல்ல. மூன்று நாட்டுச் சுகாதார அதிகாரிகள், காப்புரிமை அலுவலக அதிகாரிகள், ஜெனிவாவில் பேச்சு நடத்துகிறவர்கள், இவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு கூட்டம். தேதி முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். எந்த நாட்டில் தேர்தல் நடந்தாலும், யார் ஜெயித்தாலும், தலைவர்கள் வர முடியாமல் போனாலும், அந்தத் தேதியில் அந்தக் கூட்டம் நடக்க வேண்டும்.