விலையை மட்டும் பார்ப்பதில்லை

மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீடு (புதிய மருந்து, சிகிச்சைகளுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா என்று ஆராய்வது) என்றால் விலை குறைந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பதுதான் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்லங்க. இப்போதுள்ள சிகிச்சையைவிடப் புதியது ஆயுளையும் வாழ்க்கைத் தரத்தையும் எவ்வளவு கூட்டுகிறது, அதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதுதான் அடிப்படைக் கேள்வி. கூடுதல் செலவு அந்தப் பலனுக்குத் தகுமா என்பது அப்புறம்தான்.

முதுகுத்தண்டுத் தசைநலிவுக்கான (குழந்தைகளின் தசைகளைப் பலவீனமாக்கும் மரபணு நோய்) சோல்ஜென்ஸ்மா மரபணு சிகிச்சையின் பட்டியல் விலை 17.9 லட்சம் பவுண்டு. ஆனாலும் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் எந்தச் சிகிச்சைகளைத் தரலாம் என்று மதிப்பிடும் நைஸ் (NICE) அமைப்பு 2021-இல் அதைப் பரிந்துரைத்தது (தள்ளுபடி பேசித்தான், அதுவும் குறிப்பிட்ட குழந்தைகளுக்கு).

நீங்களே பார்க்கலாம்: நைஸ் இணையதளத்தில் மருந்தின் பெயரைத் தேடுங்கள். குழு எந்தச் சான்றை ஏற்றது, எதில் ஐயப்பட்டது என்று பத்தி பத்தியாக எழுதியிருப்பார்கள். தள்ளுபடி போன்ற வணிக ரகசியங்களை மறைத்திருப்பார்கள்.