பழைய கார் கேரியரின் துருவை அழிக்காதீர்கள்

கார்களை ஏற்றிச் செல்லும் பழைய கார் கேரியர் கப்பலைப் படம் எடுத்துவிட்டு, எடிட்டிங்கில் துருவைத் துடைத்துப் பளபளப்பாக்கிப் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தத் துருவை விட்டுவிடுங்கள். நங்கூரத் துளையிலிருந்து வழிந்த பழுப்புக் கோடு, கார்கள் ஏறி இறங்கும் சாய்தளமான ராம்ப் மடங்கும் மூட்டுக்கடியில் கசிந்த கறை, இழுவைக் கப்பல்கள் முட்டித் தேய்த்த இடம் எல்லாம் அந்தக் கப்பல் உழைத்த கணக்கு. அடுத்த முறை டிரை டாக்கில், அதாவது தண்ணீர் வடித்த பழுதுபார்க்கும் துறையில், பெயிண்ட் ஏறிவிடும், இல்லையென்றால் உடைக்கப் போய்விடும். எப்படியும் இன்று பார்க்கிற முகம் மறுபடி கிடைக்காது.

உருவமே மாறிக்கொண்டிருக்கிறது. பனாமா கால்வாயின் பழைய மதகுகளில் 32.31 மீட்டருக்கு மேல் அகலம் நுழையாது. அதனால்தான் ஒரு தலைமுறைக் கப்பல்கள் 200 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம் என்று ஒல்லியாக, உயரமாக நிற்கின்றன. 2016இல் பெரிய மதகுகள் திறந்ததை ஒட்டி அகலம் கூடியது. புதுக் கப்பல்களின் முன்முனையும் காற்றுத் தடையைக் குறைக்க வளைந்தது. செங்குத்தாக வெட்டியது போன்ற பழைய முகங்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

இதைப் பதிவு செய்ய வெளிச்சம்தான் முக்கியம். சூரியன் நேராக உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கப்பலின் பக்கவாட்டு அட்டைபோலத் தட்டையாகத் தெரியும். வெயில் பக்கவாட்டில் உரசி விழும்போது பாருங்கள்: உடலுக்குள் இருக்கும் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே உள்ளே அமுங்கிய தகடுகள் விலா எலும்பு மாதிரி வரிவரியாக எழும். பெயர் மாறிய கப்பலாக இருந்தால், புதுப் பெயருக்கடியில் பழைய எழுத்தின் வெல்டிங் தழும்பும் சில சமயம் படிக்கக் கிடைக்கும். பின்புறத்தைத் தனியாக நெருக்கி எடுங்கள். பலர் கப்பல் கடந்ததும் கேமராவை இறக்கிவிடுகிறார்கள். பெயரும் பதிவுத் துறைமுகமும் சேர்ந்து அங்கேதான் இருக்கின்றன.

இன்னொன்று, பின் ராம்ப் ஏறக்குறைய எல்லாக் கார் கேரியரிலும் வலப்பக்க மூலையில்தான் இருக்கும். ஆகவே கரையில் கட்டும்போது வலப்பக்கம் துறைமுக மேடையைப் பார்த்திருக்கும். எதிர்க்கரையில் நிற்பவருக்கு எப்போதும் இடப்பக்கம்தான். மடித்த ராம்ப் வேண்டுமென்றால், கப்பல் ஓடும்போது அது போகும் திசைக்கு வலக்கரையில் நில்லுங்கள். கரையை மாற்ற முடியாதா? உள்ளே வரும்போது ஒரு பக்கம், வெளியேறும்போது மறுபக்கம் என்று இரண்டு முறை எடுக்க வேண்டியதுதான்.

ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 200 மீட்டர் கப்பல் முழுதாக அடங்க, ஃபுல் ஃபிரேம் கேமராவில் 150 மி.மீ. லென்ஸ் போதும். லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் 1/800 நொடி. கப்பலின் அடர்நீல உடல் படச் சட்டகத்தை நிறைத்தால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும், மேலே இருக்கும் வெள்ளை வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறையுங்கள். நண்பகலில் தண்ணீருக்கு மேல் கானல் அலையும்போது எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் பயனில்லை. கோடுகள் நெளியும், ஃபோகஸ் தவறியது போலவே இருக்கும். அதிகாலையில் எடுங்கள், முடியாவிட்டால் பத்துப் படம் தொடர்ச்சியாக எடுத்து நெளியாததைத் தேர்ந்தெடுங்கள். படத்தை நேராக்கக் கப்பலின் மேல்தளக் கோட்டை நம்பாதீர்கள். பின்பக்கம் சற்று அமிழ்ந்து ஓடுவது சாதாரணம். தொடுவானமே அளவுகோல்.

கப்பல்கள் தங்கள் விவரத்தை ஒலிபரப்பும் ஏஐஎஸ்ஸில் இடமும் வேகமும் தானாக வரும். போகும் ஊரும் வந்துசேரும் நேரமும் கப்பலில் கையால் தட்டுவது. அதை மட்டும் நம்பிக் கிளம்பாமல் வேகத்தைக் கவனியுங்கள்.

கப்பலை விற்கும்போது பெயர் மாறலாம், அதன் நிரந்தர அடையாளமான ஏழு இலக்க ஐஎம்ஓ எண் மாறாது. படத்தில் ஒரு இலக்கம் மங்கியிருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2ஆல் பெருக்கிக் கூட்டினால், விடையின் கடைசி இலக்கம்தான் ஏழாவது. 9074729க்குக் கூட்டுத்தொகை 139, ஏழாவது இலக்கம் 9. கோப்பின் பெயரில் முதலில் இந்த எண், பிறகு அன்றைய பெயர், தேதி, இடம், எந்தப் பக்கம் என்று எழுதிவையுங்கள்.