ஐந்து டாலர் லேபிள்

சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கு யூடியூபில் ஆளாளுக்குச் சொல்லும் யோசனை ஒன்று இருக்கிறது: "லோகோ, லேபிள், வெப்சைட் எல்லாத்தையும் ஆன்லைன்ல ஒரு ஃப்ரீலான்ஸர்கிட்ட குடுத்துடுங்க, சல்லிசா முடிஞ்சிடும்." சல்லிசாக முடிவது என்னவோ உண்மைதான். அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை அந்த வீடியோக்களில் யாரும் காட்டுவதில்லை.

லேபிள், பவுச், அட்டைப்பெட்டி ஆகியவற்றை அச்சுக்குத் தயார் செய்வது என் பிழைப்பு. ஃப்ரீலான்ஸர்கள் வேலை விற்கும் அந்த ஆன்லைன் தளங்களில் வாங்கிய ஃபைல்கள் கடைசியில் என் மாதிரி ஆட்களின் மேசைக்குத்தான் வந்து சேரும். தொழில் போட்டியில் புலம்புகிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். கெட்ட ஃபைலைச் சரிசெய்து கொடுப்பதிலும் எனக்குக் காசு வரத்தான் செய்கிறது.

சமீபத்தில் ஒரு அக்கா வந்தார். வீட்டிலேயே நெய் முறுக்கு சுட்டு விற்கிறார். ஒரு தளத்தில் ஐந்து டாலருக்கு, அதாவது நானூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு, பவுச் டிசைன் வாங்கியிருந்தார். செல்போனில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கணினியில் பெரிதாக்கினால், 'நெய்' என்பதில் கொம்பு ந-வுக்குப் பின்னால் நிற்கிறது. 'முறுக்கு' என்பதில் மூன்று உகரம். மூன்றும் எழுத்தோடு ஒட்டாமல் தனித்தனியாகத் தொங்குகின்றன. அடோபியின் டிசைன் மென்பொருள்கள் சிலவற்றில் இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் செட்டிங்கைத் தனியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் இப்படித்தான் சிதறும். தமிழே படிக்கத் தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து காப்பி-பேஸ்ட் செய்திருக்கிறார். சிதறியது அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

பின்பக்கம் முழுக்க ஒரு பாட்டி படம். நரைத்த கொண்டை, ஏப்ரன், கையில் சப்பாத்திக் கட்டை. முறுக்குக்கும் அந்தப் பாட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அக்காவுக்கும் தெரியவில்லை. பாட்டி அடைத்துக்கொண்ட இடத்தில்தான் சட்டப்படி வரவேண்டியவை எல்லாம் வர வேண்டும்: உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண், எடை வரிசையில் சேர்மானங்கள், ஊட்டச்சத்து அட்டவணை, நிகர எடை, எம்ஆர்பி, பேட்ச் எண், தயாரித்த தேதி, எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும், புகார் சொல்ல ஒரு முகவரி. பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் 'வீகன்', அதாவது பால் பொருள்கூடச் சேராதது, என்று ஓர் இலை போட்டிருந்தார்கள். நெய் முறுக்குக்கு!

ஃபைலோ வெறும் ஜேபெக் படம், உள்ளே இருக்கும் எழுத்தைத் திருத்த முடியாது. வண்ணமும் திரைக்கான ஆர்ஜிபி, அச்சுக்கானது இல்லை. வெட்டுவதற்கு ஓரத்தில் விட வேண்டிய ப்ளீட் இல்லை. பவுச்சில் சீல் ஒட்டும் பகுதிக்குள் பெயரின் மேல்பாதி போய்விடும். மூல ஃபைலைக் கேட்டால் அதற்குத் தனிக் காசு. திருத்தம் கேட்டால், பேக்கேஜில் இருந்த திருத்தங்கள் தீர்ந்துவிட்டனவாம், இனி ஒவ்வொன்றுக்கும் காசு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஊரில் இருக்கும் டிடிபி ஆளிடம் கேட்டிருந்தால் ஆகியிருக்கும் தொகைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அந்த டிசைனரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் தளம் 2010-இல் தொடங்கியபோது எல்லா வேலைக்கும் ஐந்து டாலர்தான். பெயரே அதிலிருந்து வந்தது. இப்போது விலை ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் விற்பவரிடம் தளம் பிடித்துக்கொள்ளும் 20 சதவீதம் மாறவில்லை. ஐந்து டாலரில் அவர் கைக்கு நான்கு. அதுவும் வேலை முடிந்து பெரும்பாலும் 14 நாள் கழித்துத்தான் எடுக்க முடியும். வாங்குபவரிடம் தனியாக ஒரு சேவைக் கட்டணம் வேறு. நான்கு டாலருக்கு அவர் உங்கள் முறுக்கைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றால், அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரியாது. ஏற்கெனவே இருக்கும் டெம்ப்ளேட்டில் பெயரை மாற்றி, இலவசப் படம் ஒன்றைச் செருகி, அடுத்த ஆர்டருக்குப் போனால்தான் கட்டுப்படியாகும்.

இலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு ஃப்ரீலான்ஸ் தளங்கள் இணைவதாக 2013-இல் அறிவித்து, 2015-இல் அப்வொர்க் என்று பெயர் மாறிய தளத்தில் கதை வேறு மாதிரி. அங்கே வேலைக்கு விண்ணப்பிக்கவே 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன்களைச் செலவழிக்க வேண்டும். கையில் இருப்பது தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். வேலை கிடைக்காவிட்டாலும் போனது போனதுதான். காசோடு நேரமும் போகக் கூடாது என்று ஒரே விண்ணப்பத்தை ஐம்பது பேருக்கு ஏன் ஒட்டமாட்டார்கள்?

"ரிவ்யூ பார்த்துத்தானே குடுத்தேன், 4.9 இருந்துச்சே" என்றார் அக்கா. எல்லோருக்குமே 4.9தான், அக்கா. மூன்று நட்சத்திரம் கொடுத்தால் ஒருவர் பிழைப்பே போய்விடும் என்று தெரிந்தபின் யாருக்குக் கை வரும்? 'பிரதர், ப்ளீஸ், ஃபைவ் ஸ்டார்' என்று சாட்டில் வந்து நிற்பவரிடம் எழுத்து சிதறியதைப் பற்றிப் பேச நமக்கே கூச்சமாக இருக்கும். இது போக, ரிவ்யூவே விற்பனைச் சரக்குதான். ஃபைவரில் போலி மதிப்புரை எழுதித் தருவதாக விளம்பரம் செய்த 1,114 பேர் மீது 2015-இல் அமேசான் வழக்கே போட்டது.

லோகோ விஷயத்தில் இன்னும் பெரிய வில்லங்கம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாளிடம் வரைந்து வாங்கும் படைப்புக்குப் பொதுவாக வரைந்தவரே முதல் உரிமையாளர். புகைப்படம், உருவப்படம் மாதிரி சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவை எழுத்துமூலம் மாற்றித் தந்தால்தான் உங்களுடையவை. எழுதும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்வார்கள். 'முழுப் பணம் கட்டியதும் உரிமை வாங்குபவருக்கு' என்று தளத்தின் விதியில் இருக்கலாம். ஆனால் மசாலா லோகோவுக்கு என்று இலவசப் படத் தளத்திலிருந்து எடுத்த மிளகாய்ப் படத்தின் உரிமை அவரிடமே கிடையாதே, உங்களுக்கு எதைத் தருவார்? அதே மிளகாய் இன்னும் பத்து மசாலா பாக்கெட்டில் சிரித்துக்கொண்டிருக்கும். டிரேட்மார்க் விண்ணப்பத்துக்குச் சிறுதொழில் என்றால் 4,500 ரூபாய் கட்ட வேண்டும். யாராவது ஆட்சேபம் கிளப்பினால் வக்கீல் செலவு தனி.

வெப்சைட் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். டொமைன், அதாவது உங்கள் வெப்சைட்டின் முகவரி, யார் பெயரில், யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால், அவர் போனை எடுக்காத அன்று கடைக்குப் பூட்டு.

சரி, ஆன்லைனில் கொடுக்கவே கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். படத்தின் பின்னணியை நீக்க, கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப் அளவுக்கு மாற்ற, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய எல்லாம் அந்த விலை சரியான விலை. என்ன வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடிகிற வேலைகள் அவை. லேபிள் அப்படியில்லை. பவுச் என்ன சைஸ், சீல் எவ்வளவு, எங்கே விற்கப் போகிறீர்கள், லைசென்ஸ் வாங்கியாச்சா என்று வேலையை எடுப்பவர் கேட்க வேண்டும். அதே தளங்களில் அப்படிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஐந்து டாலருக்கு அவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

எனக்குக் கவலை வாங்குகிறவர்களைப் பற்றி மட்டும் இல்லை. எங்கள் கடையில் ஒரு தம்பி சேர்ந்தான். கல்லூரி முடித்ததிலிருந்து அந்தத் தளங்களில் லோகோ போட்டுக்கொண்டிருந்தவன். கை வேகம் என்றால் அப்படியொரு வேகம், அரைமணி நேரத்தில் மூன்று டிசைன் வைப்பான். ஆனால் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டான். "போன் போட்டுக் கேளுடா" என்றால் முழித்தான். "நம்பர் எல்லாம் கேக்கலாமாண்ணே?" என்றான். அப்புறம்தான் எனக்கு விளங்கியது: அங்கே வாடிக்கையாளரிடம் போன் நம்பர் கேட்டால் தளத்துக்கு வெளியே பேரம் பேசுகிறாய் என்று எச்சரிக்கை வரும், அக்கவுண்டே போனாலும் போகும். அக்காவின் பவுச்சை அவனிடம்தான் கொடுத்தேன். முதல் போனிலேயே, முறுக்கு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டான்.