ஏரோ தீவு 1864-க்குப் பிறகு யாரிடம் இருந்தது?

டென்மார்க்கின் ஏரோ தீவிலுள்ள ஏரோஸ்கோபிங் துறைமுக ஊர் டென்மார்க் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்ற 1864 போருக்குப் பின் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவிடம் போய், 1920 பொது வாக்கெடுப்பில்தான் திரும்பக் கிடைத்தது என்று சொல்லப்படுவதுண்டு. அது சரியன்று. அத்தீவு 1864 வரை அந்தப் போரில் டென்மார்க் இழந்த ஷ்லெஸ்விக் என்ற டியூக் ஆட்சிப் பகுதியைச் சேர்ந்திருந்தது என்பது உண்மைதான். குழப்பம் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும். ஆனால் 1864 அக்டோபர் 30 அன்று கையெழுத்தாகி அந்தப் போரை முடித்த வியன்னா உடன்படிக்கையின்படி, ஷ்லெஸ்விக்கின் மேற்கில் டென்மார்க் அரசுக்கு நேரடியாக உரியனவாய்ச் சிதறிக் கிடந்த நிலத்துண்டுகளை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, ஏரோவும், கோல்டிங்குக்குத் தெற்கே எட்டுத் திருச்சபை வட்டங்களும், ரீபே நகரை ஒட்டிய சிறு பகுதியும் டென்மார்க்குடன் சேர்க்கப்பட்டன. ஆகவே, கல் பாவிய அந்தக் குறுகிய தெருக்களும், சுவரோரம் ஆளுயரத்துக்கு ஹாலிஹாக் பூத்து நிற்கும் மரச்சட்ட வீடுகளும் (இன்றைய படங்களில் அனைவரும் ரசிப்பவை இவைதாம்) ஜெர்மன் பேரரசுக்குள் ஒருநாளும் இருந்ததில்லை.

சரிபார்ப்பது எளிது. 1920 பிப்ரவரி 10, மார்ச் 14 ஆகிய நாள்களில், ஷ்லெஸ்விக் பகுதிகள் டென்மார்க்கோடு சேர்வதா ஜெர்மனியோடு இருப்பதா என்று முடிவுசெய்ய, இரு மண்டலங்களாகப் பிரித்து நடந்த வாக்கெடுப்பின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: ஆல்ஸ் தீவு முதல் மண்டலத்துக்குள் இருக்கும்; அதற்குக் கிழக்கே, கடலைத் தாண்டியிருக்கும் ஏரோ, இரு மண்டலங்களிலும் இராது.