காய்ச்சல் நேரத்தில் சத்து டானிக் எதற்கு?

குழந்தைக்கு நாலு நாளாகக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் இரும்பு குறைவு என்று வருகிறது. "பிள்ளைக்கு ரத்தமே இல்லையே" என்று வீட்டில் பதறி, அன்றைக்கே மருந்துக்கடையில் இரும்பு டானிக் வாங்கிவிடுவார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் அந்த நேரத்தில் அது வேண்டவே வேண்டாம் என்பேன்.

ஏனென்றால் இரும்பைக் குறைத்ததே உடம்புதான். பெரும்பாலான கிருமிகள் பெருக இரும்பு வேண்டும். தொற்று வந்த சில மணி நேரத்தில் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடலிலிருந்து இரும்பு ரத்தத்தில் கலக்கும் வழியை அடைக்கிறது. பழைய சிவப்பணுக்களைத் தின்று இரும்பை மீட்கும் செல்களும் அதை வெளியே விடாமல் பூட்டிக்கொள்கின்றன. கிருமியும் சும்மா இருப்பதில்லை. ஈ.கோலை, என்டரோபாக்டின் என்றொரு மூலக்கூறை அனுப்பி நம் ரத்தப் புரதத்தின் பிடியிலிருந்தே இரும்பைப் பறிக்கும். அந்த மூலக்கூறைக் கவ்விப்பிடிக்க நம் வெள்ளையணுக்களிடம் தனிப் புரதமே உண்டு. சால்மோனெல்லா என்ற கிருமியோ அதே மூலக்கூறில் சர்க்கரையை ஒட்டி, அந்தப் புரதத்துக்கும் டிமிக்கி கொடுத்துவிடும்! இவ்வளவு இழுபறி நடக்கும்போது நாம் போய் இரும்பை ஊற்றிக் கொடுப்பதா?

தான்சானியாவின் பெம்பா தீவில், மலேரியா மிகுந்த சூழலில், சின்னக் குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்த்துப் பார்த்தால் 12 சதவீதம் கூடிவிட்டது. ஆய்வின் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2006-இல் வெளிவந்தது. அதே தீவில், உண்மையிலேயே இரும்புச்சத்து குறைந்து, மலேரியாவுக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் கிடைத்த குழந்தைகளுக்கு இரும்பு நன்மையே செய்தது. எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் முக்கியமாகப் படுகிறது.

அதனால் இதைப் படித்துவிட்டு யாரும், முக்கியமாகக் கர்ப்பிணிகள், மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை இருந்தது. அது சாதாரண விஷயம் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நிமோனியா இருக்கும்போது தடுப்புக்காகத் தரும் இரும்பை நிறுத்திவைக்க வேண்டும் என்று ரத்தசோகை ஒழிப்புக்கான அரசு வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஆனால் அது வீடுவரை வந்து சேர்வதில்லை. இரும்பு மருந்து தருபவர்களே, அதைக் கையில் கொடுக்கும்போதே தாய்மாரிடம் சொல்லுங்கள்: காய்ச்சலாக இருந்தால் நிறுத்திவையுங்கள், பிள்ளை தேறியதும் மறக்காமல் மறுபடி தொடங்குங்கள்.