லாரி பேக்கரிடம் கற்க வேண்டியது பூசாத சுவர் மட்டுமா?
'சுவரைப் பூசாமல் விடும் எளிமைதான் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் தந்த பாடம்' என்று அவரைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வது பாதி உண்மைதான். திருவனந்தபுரத்தில் அவர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு (rat-trap bond) என்ற செங்கல் அடுக்கும் முறையைப் பாருங்கள். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, 9 அங்குலச் சுவருக்குள் சுமார் 3 அங்குலம் வெற்றிடம் விடுவார்கள். ஏறக்குறைய 25 சதவீதம் செங்கல் மிச்சம், வெயில் சூடும் உள்ளே குறைவாகவே இறங்கும். கலவை உள்ளே விழுந்து அடைத்துக்கொண்டால் அதன் வழியே சூடு கடந்துவிடும், பாதிப் பலன் போச்சு. அதனால் கலவை பரப்பும்போது வெற்றிடத்தின் மேல் ஒரு மரச்சட்டத்தை வைத்து, பரப்பியதும் எடுத்துவிட வேண்டும். அடி வரிசை, ஜன்னலுக்குக் கீழும் மேலும் வரும் வரிசைகள், கூரைக்குக் கீழ் வரிசை ஆகியவை வெற்றிடமில்லாமல் கெட்டியாகவே வரணும். இந்தச் சுவரில் மின்கம்பிக் குழாய் பதிக்க முடியாது என்று அந்தக் கட்டுரைக்கான கருத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டும்போதே அந்த வெற்றிடத்துக்குள் இறக்கிவிட்டால் பிறகு சுவரைக் கொத்தவே வேண்டாம்.